கதவோரத்து நீலக் கட்டம்

முழங்காலில் நடந்தே வாசல்வரை வருகிறார் டீச்சர். ஆள் நல்ல உயரம். அந்த உயரத்தை மடக்கி, மூன்று வயதுப் பிள்ளையின் கண்மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தி, வகுப்பறையை ஒரு பார்வை பார்க்கிறார். "ம்ஹூம்... இங்கேர்ந்து பார்த்தா புத்தகமே தெரியலையே. அலமாரியோட முதுகுதான் தெரியுது." எழுந்து போய் அலமாரியை இடுப்பால் தள்ளுகிறார். மறுபடியும் வாசல், மறுபடியும் முழங்கால். விடுமுறையின் கடைசி நாளில் எட்டிப் பார்க்கிறவர்கள், அம்மாள் கம்மலின் திருகைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் அந்த மழலையர் வகுப்பறையை அவர் புதிதாகப் பிரிப்பார். கட்டைகள் ஒரு கோடியில், கதைப் புத்தகங்கள் மறு கோடியில். "ஒருத்தன் கோபுரத்தை இடிப்பான், ஒருத்தி கதை கேட்பா. ரெண்டையும் பக்கத்துல வெச்சா, சண்டையை நாமளே வாங்கிக் கொடுத்த மாதிரி." தண்ணீர்த் தொட்டியும் வண்ணம் தீட்டும் மேசையும் குழாயை ஒட்டி. பொம்மைக் கட்டிலும் பொம்மை அடுப்பும் இருக்கும் வீட்டு மூலை, சற்றே மறைவாக. ஒரு வருடம் வாசலிலிருந்து ஜன்னல்வரை நேராக வழி விட்டுவிட்டார். பிள்ளைகள் ஓடி மோதிக்கொண்டதில், முதல் வாரத்திலேயே இரண்டு பால்பற்கள் ஆடிவிட்டன. அதிலிருந்து அந்த அறையில் எந்த வழியும் வளையாமல் போகாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் நீலத்தாள். கத்தரிக்கோல் இருக்கும் இடத்தில் கத்தரிக்கோல் வடிவில் ஒரு தாள். கெண்டி இருக்கும் இடத்தில் கெண்டி வடிவில். "படம் காலியா இருந்தா சாமான் வெளியே போயிருக்குன்னு அர்த்தம். நாம வீட்டுக்குப் போறதுக்குள்ள அது திரும்பி வந்துடணும்." பிள்ளைகள் இதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு முறை தலைமையாசிரியை தம் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சிவப்புக் கெண்டியை எடுத்துப் போக, நான்கு பேர் போய் அவருடைய அறை வாசலில் நின்றுவிட்டார்கள். மறுபேச்சில்லாமல் கொடுத்தனுப்பினார்.

டீச்சர் வகுப்பில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கென்று கொடுத்த நாற்காலியில் வரைதாள்கள்தான் அடுக்கியிருக்கும். "ஏம்மா டீச்சரம்மா, நாற்காலி உனக்கா, தாளுக்கா?" என்று சீண்டுவார் ஆயாம்மா.

"உட்கார்ந்தா இந்தக் காலை எங்க கொண்டுபோய் வைக்கிறது ஆயாம்மா? வழியை அடைச்சுக்கும்."

"மடக்கினா மடங்கும். நீ என்னைக்கு மடக்கிப் பார்த்தே?"

ஆயாம்மா குட்டையாக, உருண்டையாக இருப்பார். பதினோரு வருடமாக டீச்சருக்கு உதவியாள். கதவோரம் ஒரு பாயை மடித்துப் போட்டு, கால்களைச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டால், காலையில் அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளுக்கு அந்த மடிதான் முதல் இடம். ஒரு நாள் அவரே கேட்டார்: "கரண்டிக்குக்கூட இடம் ஒட்டுறே. எனக்கு மட்டும் கிடையாதா? நான் என்ன கேட்பாரில்லாத சாமானா?" டீச்சர் சிரித்துக்கொண்டே பாயைச் சுற்றி நீல டேப் ஒட்டினார்.

அந்தக் கட்டத்தின் தினசரி விருந்தாளி பட்டாணி. வகுப்பிலேயே சின்னவள். அம்மாவின் விரலை விட்டால் நேரே அந்த மடி. அங்கே கால் மணி நேரம் ஊறினால்தான் தோளிலிருந்து பையைக் கழற்றுவாள்.

இந்த விடுமுறையின் முதல் வாரத்தில் ஆயாம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காவது நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

"கதவோரம் செருப்புத் தட்டைப் போட்டுடலாமே டீச்சர். புள்ளைங்கதானே, மறந்துடும்" என்றார் தலைமையாசிரியை, மெல்லிய குரலில். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"சரிங்க" என்றார் டீச்சர். பாயைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்தார். அறை முழுவதையும் மாற்றினார். கடைசியாகக் கதவோரம் குந்தி, டேப்பின் ஒரு முனையை நகத்தால் நெம்பினார். ஒரு விரற்கடை அளவு வந்தது. அதைத் திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டு எழுந்தார். செருப்புத் தட்டு வராந்தாவிலேயே நின்றது.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, நின்றபடியே சொன்னார்: "ஆயாம்மா இறந்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க." எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நாளைக்கு?" என்றான் ஒருவன்.

"நாளைக்கும் வரமாட்டாங்க கண்ணா."

"புதன்கிழமை?"

"புதன்கிழமையும்தான்."

பிறகு தூரிகைகளைக் கழுவப் போனவர், காய்ந்து சுத்தமாக இருந்த தூரிகைகளையே வெகுநேரம் கழுவினார்.

பட்டாணி வட்டத்துக்கு வரவில்லை. பையைக்கூடக் கழற்றாமல் நாள் முழுக்கச் சுவரோடு ஒட்டி நின்றாள். கூப்பிட்டால் தலை மட்டும் அசைந்தது. உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் அவள் அடம்பிடித்ததைப் பார்த்து, இப்படியே போனால் பிள்ளையை நிறுத்திவிடுவதாக அவளுடைய அம்மா காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வீட்டுக்குப் போகும் நேரம் வந்தது. கட்டை, கரண்டி, கத்தரிக்கோல், கெண்டி எல்லாம் அதனதன் படத்தின் மேல் வந்து உட்கார்ந்தன. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் பட்டாணி சுவரை விட்டு நகர்ந்தாள். வரிசைக்கு வராமல் கதவோரம் போய் நின்றாள்.

"டீச்சர், இது காலியா இருக்கு."

"ஆமாம்டா தங்கம்."

"காலியா இருந்தா வீட்டுக்குப் போகக் கூடாது."

வரிசை முழுவதும் திரும்பி டீச்சரைப் பார்த்தது. வெளியே அம்மாக்கள் காத்திருந்தார்கள். டீச்சர் சுவரில் கையை ஊன்றி, மெல்லச் சரிந்து, நீலக் கட்டத்துக்குள் உட்கார்ந்தார்.

பட்டாணி அலமாரியைச் சரிபார்ப்பது போல அவரைச் சுற்றி நடந்து பார்த்தாள். முதுகு சரியாக இருந்தது. கை சரியாக இருந்தது. வலது கால் மட்டும் கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீண்டிருந்தது. அவள் குனிந்து, அந்தப் பாதத்தில் இரண்டு கைகளையும் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு உள்ளே தள்ளினாள்.