வாங்க சொல்ல ஆள் தேவைப்படாத இடம்

போன ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் சாலையில் இருக்கும் பழைய வீட்டு மியூசியத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். திருப்பூரிலிருந்து ஒரே நாளில் எங்கே போய்த் திரும்பலாம் என்று முந்தைய பதிவின் பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. நாங்கள் சரித்திரம் பார்க்கப் போகவில்லை. என் அக்காவைப் பார்க்கப் போனோம்.

அக்கா மடத்துக்குளத்தில் இருக்கிறாள். வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் வினை. வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது விருந்தாளி வந்தால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லியாக வேண்டும். ஒருவர் சொன்னால் போதாது. அடுப்படியில் கை வேலையாக இருந்தாலும் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். படிக்கிற பிள்ளையும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவ்வளவுதான். இதனாலேயே பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை வரிசையாகக் காட்டுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் புது வீடு கட்டிக் குடிபோனோம். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், பன்னிரண்டு தையல் மெஷின்தான். கிரகப்பிரவேசத்தன்று பார்த்து ஒரு லோடு தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மனுஷன் காதிலிருந்து செல்லை எடுக்கவே இல்லை. அப்போது அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சீர்த்தட்டோடு கேட்டுக்குள் வந்தார். இவர் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மாமா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தட்டை மேஜைமேல் வைத்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார். பின்னாலேயே அக்காவும் போனாள்.

  மாமா எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். என் கையால் டீ போட்டு முதன்முதலில் கொடுத்த ஆளே அவர்தான். அதற்கப்புறம் எப்போது வந்தாலும், சின்னக்குட்டியே டீ போடட்டும் என்பார். அப்பா தவறிய பிறகு என் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷமாக என் வாசலை மிதிக்கவில்லை. எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து கூடவே இருந்தாள். டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே பஸ் ஏறிவிட்டாள்.

இவரிடம் பேசினால், ஒரு வார்த்தைக்கு இத்தனை வீம்பா என்பார். அங்கே மாமாவும் இதையேதான் சொல்வாராம், ஒரு வார்த்தைதானே, சொன்னால் வாயா தேய்ந்துவிடும் என்று. மாமா எங்கள் வீட்டுக்கு வர மாட்டார். வராதவர் வீட்டுக்கு நான் எதற்குப் போக வேண்டும் என்று இவரும் போக மாட்டார். கல்யாண மண்டபத்தில் பார்த்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பந்தியில் உட்காருவார்கள். நடுவில் அக்காவும் நானும் மாட்டிக்கொண்டு முழித்தோம்.

அப்போதுதான் அக்கா போனில் இந்த மியூசியத்தைப் பற்றிச் சொன்னாள். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது, அது யார் வீடும் இல்லை, அதனால் அங்கே யாரும் யாரையும் 'வாங்க' சொல்லத் தேவையில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இது பிரமாதமான யோசனையாகத் தெரிந்தது. என் மகள் நிவேதாவுக்கு ஸ்கூல் பிராஜெக்ட் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டோம்.

காலை எட்டு மணிக்கு எங்கள் ஆம்னி வண்டியில் கிளம்பினோம். கொடுவாயில் நிறுத்தி டீ குடித்தோம், ஒன்று மூன்று ரூபாய், டிகாக்ஷன் கொஞ்சம் தூக்கல். இது போக, நானே வீட்டில் இஞ்சி தட்டிப் போட்ட டீ ஒரு பெரிய ஃப்ளாஸ்க் நிறைய வண்டியில் இருந்தது. அது யாருக்கு என்று இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கொடுவாய் தாண்டினால் ரோடு நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து மியூசியம் வரைக்கும் வண்டி மீட்டரில் நாற்பத்தொரு கிலோமீட்டர். ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்காவும் மாமாவும் தாராபுரம் வந்து, அங்கிருந்து டவுன்பஸ் பிடித்து, எங்களுக்கு முன்னாலேயே வந்து புளியமரத்தடியில் நின்றிருந்தார்கள்.

டிக்கெட் பெரியவர்களுக்கு முப்பது, பிள்ளைகளுக்குப் பதினைந்து, கேமராவுக்கு இருபத்தைந்து. வெளியிலிருந்து தின்பண்டம் எதுவும் கொண்டுபோகக் கூடாதென்று வாட்ச்மேன் ஃப்ளாஸ்க்கைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. திரும்பிப் போய் வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

உள்ளே நுழைந்த பிறகுதான் நாங்கள் செய்த முட்டாள்தனம் புரிந்தது. யார் வீடும் இல்லாத இடம் என்று தேடி வந்தோம். அங்கே இருப்பதெல்லாம் வீடுதான்! வெவ்வேறு ஊர்களில் இடிக்கப் போன பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, ஓடு ஓடாக எண்ணி மறுபடியும் கட்டி வைத்திருக்கிறார்கள். சும்மா பூட்டி வைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் அந்தக் காலத்து உடுப்பில் அந்தக் காலத்து வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நாம் ஒறம்பரை மாதிரி உள்ளே போய் உட்கார்ந்து பேசலாம்.

நெசவுக்காரர் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. இவர் தறித்துணியின் ஓரத்தைப் பிடித்து, கம்பெனியில் பனியன் துணியைப் பார்ப்பதுபோல இழுத்துப் பார்த்தார். கைத்தறித் துணி எங்கே இழுபடும்? நெய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து முறைத்தார். அப்பா, கையை எடுங்கப்பா என்று நிவேதா பல்லைக் கடித்தாள். கிணற்றடியில் இரண்டு மாடுகள் கவலை இழுத்து, தோல் பறியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. மாமா அங்கே நின்றவர் நின்றவர்தான், மூக்கணாங்கயிறு இறுக்கமாக இருக்கிறதென்று மாட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். இவர் தறி பக்கம் இருந்தால் மாமா கிணற்றுப் பக்கம். மாமா செக்குப் பக்கம் வந்தால் இவர் ஒரு போர்டை முழுதாகப் படிக்க ஆரம்பித்துவிடுவார். அக்காவும் நானும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தோம். எங்களுக்கு அதுவே பெரிய சந்தோஷமாகத்தான் இருந்தது.

மணி பதினொன்று ஆனது. திருப்பூர்க்காரர்களுக்கு இது தெரியும். பதினொரு மணிக்கு எந்தக் கம்பெனியிலும் மெஷின் நின்றுவிடும், டீயும் போண்டாவும் வரும். இருபது வருஷம் இப்படியே பழகிய உடம்பு, ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்குமா? டீ எங்கே கிடைக்கும் என்று இவர் விசாரித்தார். அந்தக் காலத்தில் இங்கே டீ ஏது, மோரும் பானகமும் இருக்கிறது என்றார்கள். இவர் முகம் சுண்டிவிட்டது.

கடைசி வீடு எங்கள் பக்கத்து விவசாயி வீடு. சுத்துக்கட்டு வீடு, நடுவில் திறந்த முற்றம், முன்னால் கனமான நிலவு, அதாவது வாசற்கால். நிலவருகே கண்டாங்கிச் சேலையில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "வாங்கண்ணா, வாங்கக்கா, வா கண்ணு" என்று சொன்னார். ஒப்புக்குச் சொன்ன மாதிரி இல்லை, முகம் பார்த்துச் சொன்னார். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதிலிருந்து தப்பித்து வந்தோமோ அது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

நாங்கள் நான்கு பேரும் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். இவர் பின்னால், வழக்கம்போல, செல்லில் பேசிக்கொண்டு வந்தார். பேசி முடித்து நிலவுக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் திரும்பி, வெளியில் நின்ற மாட்டு வண்டியின் சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்தச் சக்கரத்தில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றும் இல்லை. எழுந்து போய், ஏன் வரவில்லை என்று கேட்டேன். சும்மா காத்தாட நிற்கிறேன் என்றார். கட்டிக்கொண்டு பதினாலு வருஷம் ஆகிறது, எனக்கா முகம் தெரியாது? டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம், இது என்ன சம்பந்தி வீடா, உள்ளே வாங்க என்றேன்.

"டிக்கெட் எடுத்தா ஆச்சா?" என்றார். "எல்லாரையும் கூப்பிட்டாங்கல்ல? என்னைய மட்டும் ஒரு வார்த்த வாங்கன்னு சொல்லலீல்ல?"

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டு வருஷமாக நான் தலையால் தண்ணீர் குடித்தும் இந்த மனுஷனுக்குப் புரியவைக்க முடியவில்லை. சம்பளத்துக்கு நிற்கிற ஒரு அம்மாள், பாவம், தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் புரியவைத்துவிட்டார்.

பின்னால் சத்தம் கேட்டது. நிலவுக்கு உள்பக்கம் மாமா தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சிரிப்பார், குத்திக் காட்டுவார் என்றுதான் நினைத்தேன். மாமா குனிந்து நிலவைத் தாண்டி வெளியே வந்தார். சொம்பை இவர் கையில் கொடுத்தார்.

"வாங்க தம்பி," என்றார். "உள்ள வாங்க."

இவர் சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உடனே குடிக்கவில்லை. "அன்னைக்கு நான் தலைய ஆட்டுனனுங்கண்ணா," என்றார். "அது பத்தாதுன்னு இப்பத்தானுங்க தெரியுது. தப்பு என்மேலதானுங்க."  மாமா இவர் முதுகில் கை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். யார் வீடும் இல்லாத அந்த வீட்டுக்குள்.

அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்ததும் பதறிவிட்டார். இவரிடம் மூன்று தடவை 'வாங்க' சொன்னார். இவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த அம்மாளும் முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவராம். பதினொரு மணிக்கு டீ இல்லாவிட்டால் எனக்கும் இன்னும் கை கால் ஓடாதுங்க என்றார்.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தோம். புளியமரத்தடியில் வண்டிக் கதவைத் திறந்து வைத்து, ஃப்ளாஸ்க்கிலிருந்து எல்லாருக்கும் டீ ஊற்றினேன். மாமாவிடம் ஒரு டம்ளரை நீட்டினேன். இது வீட்டில் போட்டதா என்று கேட்டார். ஆமாங்க மாமா என்றேன். ஒரு மடக்குக் குடித்தார்.

"ஆறிப்போச்சு கண்ணு," என்றார். "வர்ற ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்து சூடாக் குடிச்சுக்கறன்."

அக்கா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். மாமா அந்த ஆறிப்போன டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் பள்ளிக்கூட பஸ்கள் வந்துவிடுகின்றன. கழற்றி மாட்டச் சுலபமான செருப்பாகப் போட்டுப் போங்கள், ஒவ்வொரு வீட்டிலும் வெளியே விட வேண்டியிருக்கிறது. சாப்பாடு உள்ளே ஒருவருக்கு நாற்பது ரூபாய், கம்மஞ்சோறும் கீரையும், எங்களுக்குப் பிடித்திருந்தது. நிழல் குறைவு, குடை வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பி வருகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானத்தில் பஸ் கம்மி. மியூசியத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அந்த அம்மாளின் மேனேஜர் யாராவது இதைப் படித்து, ஒருத்தரை விட்டுவிட்டாயாமே என்று கேட்டுவிடக் கூடாது. தாராபுரம் சாலையில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அப்புறம், டீ ஃப்ளாஸ்க் எடுத்துப் போங்கள். உள்ளே விடமாட்டார்கள்தான், வண்டியிலேயே கிடக்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருப்பது அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கிறது, இஞ்சி தட்டி வைத்தாயிற்று. இவர் எட்டரை மணியிலிருந்து கேட்டருகே நிற்கிறார். பால்காரர், கேபிள் காசு வாங்க வந்தவர், எதிர் வீட்டுக்கு முகவரி கேட்டு வந்தவர், எல்லாருக்கும் ஒரு 'வாங்க' ஆகிவிட்டது. செல் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் கிடந்து மூன்றாவது தடவையாக அடிக்கிறது. கம்பெனி நம்பர்தான். கூப்பிட்டுச் சொன்னேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெருமுனையில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்கிறது. 'வாங்க' என்று இவர் குரலும் கேட்கிறது, நிவேதா குரலும் கேட்கிறது. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நானும் வாசலுக்குப் போக வேண்டும். ஒருவர் சொன்னால் போதாது.