தறி நின்றபோது

மிக்சியில் சட்னி அரைபட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் பிரிட்ஜ் திறக்கும் அசைவு தெரிந்தது. திருத்தணி மலைக்குப் போய்விட்டு வந்த அண்ணன், கையில் என் மகளின் கலர் சோடா பாட்டிலோடு நின்றான். அவனுக்குச் சர்க்கரை இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. மூடியில் விரல் வைத்தபடி மிக்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

அம்மையார்குப்பத்து வீட்டில் நைனா விசைத்தறி ஓடும்போதுதான் கலர் குடிப்பார். அந்த இரைச்சலில் மூடி திறக்கும் சத்தம் யாருக்கும் கேட்காது. சர்க்கரை ஏற்கெனவே அவருடைய கால் கட்டைவிரலை வாங்கியிருந்தது. ஒரு மத்தியானம் அவர் மூடியைத் திருகிய நொடியில் கரண்ட் போய்விட்டது. தறி நின்றது. 'புஸ்ஸ்' என்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா தலை தூக்கவில்லை. "அடுத்தது காலையே எடுக்கணும்னு டாக்டர் சொல்லிக்கினு கீறாரு. மூடி வெச்சுடுங்க."

"நாக்கு ஒட்டிக்கினு கீதும்மே. ஒரே வாய்தான்."

நைனா குடிக்கவும் இல்லை, பாட்டிலைக் கீழே வைக்கவும் இல்லை. அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தறியையே பார்த்தார். கரண்டுக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கும் அண்ணனுக்கும் புரிந்தது. விளக்கு எரிந்தது. தறி மறுபடி இரைந்தது. அவருடைய தொண்டை ஏறி இறங்கியதை மூவரும் பார்த்தோம். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அம்மா தறியை நிறுத்தவில்லை.

சட்னி எப்போதோ மசிந்துவிட்டது. அண்ணனின் விரல்கள் மூடியைத் திருக முனைந்தன.

மிக்சியை நிறுத்தினேன்.