பூட்டி வைத்த ஸ்கோப்

அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவளை மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழுதான மெஷின்களைப் பிரித்து மேய்வது அவள் வேலை. மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப் ஒன்றை அவள் அறைக்கென்றே வாங்கினார்கள். வந்த அன்றே மேலாளர் அதைத் தன் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பார்வையிட வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். கேட்டால், "கீழ விழுந்து ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்பார். உழைக்க வேண்டிய சாமானைக் கொலுப்பொம்மையாக்கிய புண்ணியவான்.

எத்தனை நாள்தான் கெஞ்சுவாள்? கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டினாள். அதன் மைக் துளையில் ஒயரைச் சொருகி, ஓர் இலவச மென்பொருளை ஏற்றினாள். திரையில் அலை நெளிந்தது. காதுக்குக் கேட்கிற ஒலியை அளக்க அது தாராளமாகப் போதும். மருத்துவமனைக்கு இருந்த ஒரே காது சோதனை மெஷினை அதில்தான் பார்த்தாள். இரண்டு காதுக்கும் அலை ஒரே உயரம். 'ஸ்கோப்பில் சோதித்தது' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அது ஆறு மாதத்துக்கு முன்னால்.

இன்று அதே மெஷின், ஒலி அளவைத் திருகும் குமிழ் உடைந்து வந்தது. புதுக் குமிழைப் போட்டுத் திருகிப் பார்த்தாள். கூட்டினாலும் குறைத்தாலும் அலையின் உயரம் மாறவே இல்லை. குமிழைத் திட்டினாள், ஒயரைத் திட்டினாள். கடைசியில் கம்ப்யூட்டரின் ஒலி அமைப்பைத் திறந்தால், 'தானாகச் சமன் செய்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. மைக்கில் பேசுகிறவர்களுக்கான வசதி. மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கிவிடும். அன்று இரண்டு காதுக்கும் ஒரே உயரம் காட்டியதும் இதுதான்.

டிக்கை எடுத்தாள். வலது காது அலை ஒழுங்காக இருந்தது. இடது காது அலை திரையை விட்டே வெளியே போனது. குமிழ் இருபது என்று காட்டும்போது மெஷின் ஐம்பதுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அப்படிக் கத்தினால் பாதி செவிடான காதுக்கும் கேட்கும். 'காது நலம்' என்று சீட்டும் வந்துவிடும்.

அப்படி ஒரு சீட்டு அவள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. இரும்புத் தகடு அடிக்கும் பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவன், இடது காது மந்தமாக இருக்கிறது என்று, அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு, இந்த மெஷினில்தான் சோதித்துக்கொண்டான். நலம் என்று வந்ததும் பட்டறையில் அதே இரைச்சலான இடத்திலேயே வேலைக்கு நிறுத்திவிட்டார்கள். அவன் "என்ன? என்ன?" என்று கேட்கும்போதெல்லாம், "மெஷின் பொய் சொல்லாது. ஒங்களுக்குக் காது போகல, கவனந்தான் போச்சு" என்று எரிந்து விழுந்தவள் இவள். அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மீதே ஆத்திரம் பொங்கியது.

மேலாளர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"சார், ஆறு மாசமா இதுல பாத்தவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்."

விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடினார். "சரி பண்ணி அனுப்பிடும்மா. ஏன் ஊரைக் கூட்டுற? ஸ்கோப்புல பாத்ததா நீதான கையெழுத்துப் போட்டிருக்க? வேலை போறது ஒனக்குத்தான்."

"அந்த ஸ்கோப் ஒங்க அலமாரியில தூங்குது சார்."

"குரலைக் கொறம்மா. வெளிய கேக்குது."

அவள் கதவை அகலத் திறந்து வைத்து, அங்கேயே நின்று கணவனுக்குப் போன் போட்டாள். நடைபாதை பெஞ்சுகளில் சீட்டோடு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்க, நீங்க சொன்னதுதான் சரி. மெஷின் தப்பு. நான்தான் சரியாப் பாக்காம அனுப்பினேன்."

"என்ன?" என்றான் அவன். பின்னால் தகடு அடிக்கும் சத்தம். "கேக்கல, சத்தமாச் சொல்லு."

முதல் தடவையாக அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. மேலாளரைப் பார்த்துக்கொண்டே, கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி, முதலிலிருந்து திரும்பச் சொன்னாள்.