முளை பிடுங்கிய கொட்டாய்

தகரக் கொட்டாயைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்றே எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. புளி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் இப்படிச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் பயம் பயம்தானே.

கொட்டாய் ஒன்றும் பெரிசில்லை. இரும்புக் குழாயில் சட்டம், சுற்றிலும் மேலேயும் தகரம், முன்னால் ஒரு கதவு. கீழே டவுனில் ரெடிமேடாக வாங்கி, துண்டு துண்டாக ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, எங்கள் வீட்டை ஒட்டிப் பலாமரத்தடியில் பூட்டினார்கள். நாலு மூலைக்கும் நாலு இரும்பு முளை. ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம், நுனியில் திருகு மாதிரி ஒரு தகடு. பூட்ட வந்த ஃபிட்டர் அதை ஆங்கர் என்றார்.

என் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். "மாட்டத்தான் முளையில கட்டுவாங்க. கொட்டாய் இன்னா மேயவா போவுது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடிக் காற்றில் அந்தத் தகரம் உறுமியதைக் கேட்ட பிறகு, மூலையைக் கடக்கும்போதெல்லாம் முளையை ஒரு தரம் காலால் மிதித்துவிட்டுத்தான் போவேன்.

சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வந்தவர்கள் கொட்டாயின் வாசலிலேயே கல் நட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் தள்ளலாம் என்றால் பின்னால் என்ன இருக்கிறது? கொஞ்சம் மேடு, அதற்கப்புறம் பள்ளம். மரமும் கிடையாது, மறைவும் கிடையாது. சொன்னால் என் வீட்டுக்காரர் கேட்கிற ஆளா? எதற்கெடுத்தாலும் "பாத்துக்கலாம்மே" என்பதுதான் அவர் பதில்.

முளையின் தலையில் இருந்த வளையத்தில் கடப்பாரையைச் செருகி, என் வீட்டுக்காரரும் ஊர்க்காரர் ஒருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இடப்பக்கமாகச் சுற்றினார்கள். கிறீச்சிட்டுக்கொண்டே செம்மண் அப்பியபடி மேலே வந்தது. நாலையும் எடுத்து முடித்ததும் என் வீட்டுக்காரர் ஒரு கையால் கொட்டாயைத் தள்ளிப் பார்த்தார். நகர்ந்தது.

"பாத்தியா, எவ்ளோ லேசு!" அவருக்கு ஒரே குஷி.

இத்தனை நாள் இந்த லேசான சாமானுக்குள்ளேயா குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தேன்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து அதைத் தூக்கி மேட்டில் வைத்தார்கள். முளையை மறுபடி திருகினால் ஒரு முழம்கூட இறங்கவில்லை. 'ணங்' என்றது. பாறை. மூலைக்கு மூலை அதே கதைதான். ஃபிட்டருக்குப் போன் போட்டோம்.

"பாறையில திருகு எறங்காதுங்க. மிஷின் எத்தினு வந்து தொள போட்டு போல்ட்டு அடிக்கணும். ரெண்டு நாள்ல வர்றேன். அதுவரைக்கும் உள்ள லோடு வைங்க, ஆடாது" என்றார் அவர்.

லோடுக்கா பஞ்சம்? புளி மூட்டைகளைச் சுவரோரம் சுற்றி அடுக்கினோம். கொட்டாய் கெட்டியாக உட்கார்ந்தது. நான்கூட தோளால் முட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அந்த மூட்டைகளைப் பார்த்து எனக்கே தைரியம் வந்துவிட்டது. மேலே ஓடும் குழாயில் பழைய சேலையை ஏணையாகக் கட்டி, கழுத்து நின்று கொஞ்ச நாளே ஆகியிருந்த என் மகளை அதில் போட்டு ஆட்டிக்கொண்டே மாமியாரும் நானும் கொட்டை எடுத்தோம்.

மறுநாள் உச்சி வெயிலில் புளி வியாபாரியின் வண்டி வந்தது. என் வீட்டுக்காரரும் வண்டிக்காரரும் மூட்டைகளை முதுகில் போட்டு ஏற்றினார்கள். ஏணையில் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. கடைசி மூட்டையும் போனதும் மாமியார் தரையைப் பெருக்கினார், இடம் விஸ்தாரமாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஏற்றினவர், ஏற்றச் சொன்னவர், பார்த்துக்கொண்டு நின்றவர் எல்லோருக்கும் அது புளி. கொட்டாயைப் பிடித்துக்கொண்டிருந்ததே அதுதான் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

வண்டி போய்க் கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்தது. வீட்டுக்கு முன்னால் சாமை காயப் போட்டிருந்தோம். "மயை வருதும்மே, வாரு வாரு" என்று மாமியார் முன்னால் ஓட, நானும் முறத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பாதி வாரியிருப்போம். சாலைப் பக்கமிருந்து காற்று ஒரே அடியாக அடித்தது. கண்ணெல்லாம் மண். பின்னால் தகரக் கதவு படாரென்று சாத்திக்கொண்ட சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

கொட்டாயின் முன்பக்கம் தரையை விட்டு மேலே எழும்பியிருந்தது.

அடி வயிற்றிலிருந்து கத்தினேன் போலிருக்கிறது. சாலையோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து முன்பக்கச் சட்டத்தின் அடிக்குழாயைப் பிடித்துத் தொங்கினார். நான் கதவை இழுத்தேன். சட்டம் கோணிப்போய்க் கதவு சிக்கிக்கொண்டிருந்தது. கொட்டாய் மறுபடி எழும்பியது. பின்பக்கமாகக் கவிழ்ந்தால் நேரே பள்ளம்தான். குழந்தை அந்தக் கூரையில் தொங்குகிறது.

"உள்ள போவாத! அமுக்கிடும்!" என்று அவர் கத்தினார்.

போனேன். அடிக்குழாய்க்கும் தரைக்கும் நடுவே தெரிந்த சந்தில் குப்புறப் படுத்து நுழைந்தேன். காற்று ஒரு நொடி விட்டால் தகரம் என் இடுப்பில் இறங்கும் என்று தெரியும். தெரிந்தே நுழைந்தேன். காலை இழுத்துக்கொண்டதும் தொம்மென்று அது தரையில் உட்கார்ந்தது. ஏணைக்குள் கை விட்டு மகளை வாரி எடுத்தேன். பாவி, அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவள் நான் இறுக்கியதில்தான் வீல் என்று அலறினாள்.

எடுத்துவிட்டேன், சரி. எப்படி வெளியே வருவது? கதவு திறக்காது. கொட்டாய் எழும்பினால்தான் சந்து கிடைக்கும், எழும்பினால் கவிழ்ந்துவிடும். தகரத்துக்குள் இருட்டாக இருந்தது. தலைக்கு மேல் மழை கொட்டத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் செத்துப்போகப் போகிறோம் என்றே முடிவு செய்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, சாமி பேர்கூட வாயில் வரவில்லை.

"முன்னாடி வாமே! பைப்பு மேல உக்காரு! அசையாத!" வெளியிலிருந்து அவர் குரல்.

கதவோரம் அடிக்குழாயின் மேல் குழந்தையோடு உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் தகரம். தகரத்துக்கு அந்தப் பக்கம் அவர். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாமியார். அந்தக் கொட்டாய்க்கு இப்போது நாங்கள்தான் லோடு. ஒவ்வொரு காற்றுக்கும் குழாய் எனக்கடியில் தூக்கிக்கொண்டு வந்தது, பிறகு இறங்கியது. ஒவ்வொரு முறையும் அவர் தகரத்தைத் தலையால் முட்டிக் கேட்டார்.

"கீறியா?"

எப்போதும் அவரை 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். அன்றைக்கு, "கீறோம்யா! புடிச்சிக்க! வுட்டுடாதய்யா!" என்று அழுதேன்.

அவர் விடவில்லை.

காற்று அடங்கியதும் மாமியார் கடப்பாரையால் கதவை நெம்பினார். வெளியே வந்தபோது மாமனார் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் இன்னும் குழாயைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார். விரல்களைப் பிரிக்க வரவில்லை. மாமியார் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். உள்ளங்கைத் தோல் குழாயிலேயே ஒட்டியிருந்தது. நான் குழந்தையை அவரிடம் நீட்டினேன்.

"வேணாம்மே. கையெல்லாம் ரத்தம். நீயே வச்சிக்கோ" என்றார்.

ஃபிட்டர் மிஷினோடு வந்தார். பாறையில் துளை போட்டு, நாலு மூலையிலும் போல்ட்டு இறக்கி, நட்டு முறுக்கினார். கடப்பாரை போட்டு நெம்பிக் காட்டினார், அசையவில்லை. அவர் போன பிறகும் என் வீட்டுக்காரர் குழந்தையைத் தொடவில்லை. கைப்புண் ஆறியது. அவள் அவரைப் பார்த்துக் கையைக் காலை உதைத்தாள். அவர் பார்ப்பார், கையைக் கைலியில் துடைத்துக்கொள்வார், எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "இன்னாங்க, பெத்த பொண்ணு மேல இன்னா கோவம்?"

"கோவம் இல்லமே. நான்தான மூட்டய எத்தி வுட்டேன். நான் தூக்கனா எதுனா ஆயிடும்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஆமா, நீதான் எத்தி வுட்ட. புடிச்சிக்கினு இருந்தது ஆரு, பக்கத்து வூட்டுக்காரனா? புடிய்யா!" என்று குழந்தையை அவர் மடியில் போட்டேன்.

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் அவர் மூக்கை எட்டிப் பிடித்தாள். அவர் அழுதார். நான் என் கையையும் அவளுக்கு அடியிலேயே வைத்திருந்தேன், எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.