காத்தாயி கடை வாசல் கம்பம்

1958இல் காத்தாயிக்குக் கறம்பக்குடியில் பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை. புருஷன் இறந்து கைக்குழந்தையோடு வந்தவளுக்குக் கீற்றுக்கொட்டகை போட்டுக் கொடுத்தவன் தம்பி நாகராசு. தெருவிளக்குக் காண்ட்ராக்டரிடம் அவன் மேஸ்திரி. ஆடி மாதம், கடை வாசலிலேயே ஓர் இரும்புக்குழாய்க் கம்பத்தை நட்டான். தென்னை உயரம், ஒல்லிக் குழாய்.

"ஒன் கடைக்கு வெளிச்சம் வேணும்னுதான் இங்கிட்டு நட்டேன்க்கா."

வெயிலுக்குக் கட்டிய படுதாவின் கயிற்றையும் அவனே அதில் முடிந்தான்.

பெருங்காற்றில் கம்பம் பேசாமல் நின்றது. ஒரே சீராக மெல்ல வீசும் காற்றுக்குத்தான், காற்றுக்குக் குறுக்காக இடமும் வலமும் நடுங்கியது. குழாய்க்குள் உறுமல் கேட்டது. இட்லி தின்ன வந்தவர்கள் சிரித்தார்கள். மார்கழியில் அடியில் பற்றவைத்த இடத்தில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பெயிண்டு வெடிச்சிருக்குக்கா. நான் நட்ட கம்பம் ஒன் மேலயா விழும்?"

நம்பினாள். தை மாதக் காலையொன்றில், கொடித்துணிகூடச் சரியாக அசையாத காற்றில், கம்பம் அந்த வெடிப்பிலேயே முறிந்து கொட்டகைமேல் சாய்ந்தது. காத்தாயியின் கால் நசுங்கியது. கட்டுமாவடியிலிருந்து தினமும் மீன் கொண்டுவந்து, கடையில் இட்லி தின்றுவிட்டுப் போகும் மரியசெல்வம்தான் கம்பத்தைத் தூக்கி அவளை வெளியே இழுத்தான்.

ஓவர்சியர் விசாரிக்க வந்தபோது நாகராசு முந்திக்கொண்டான்.

"அக்காதான் படுதாக் கயித்தக் கட்டி இழுத்து இழுத்தே ஒடிச்சிருச்சுங்க சார். வேணாம்னு எத்தனையோ தடவ சொன்னேன்."

"கட்டுனதே அவருதாங்க. நான் பாத்தேன்" என்றான் மரியசெல்வம். ஓவர்சியர் காதில் வாங்கவில்லை. கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

நாகராசு தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான். "இல்லேன்னா என் வேலை போயிருக்கும்க்கா."

"முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருந்தா, ஆமா நாந்தான் ஒடிச்சேன்னு நானே சொல்லியிருப்பேனேடா" என்றாள்.

சந்தைப்பக்கம் வேறு கடை போட்டாள். கால் கடைசிவரை நேராகவில்லை.

ஆவணியில் மகள் செவந்திக்குக் காதுகுத்து. அழைக்காமலே நாகராசு சீர்த்தட்டோடு வந்து, தாய்மாமனாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். காத்தாயி காலை இழுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப்போய், கழுத்தில் சிலுவையோடு பின்வரிசையில் இருந்த மரியசெல்வத்தின் மடியில் குழந்தையை வைத்தாள்.

"வேதக்காரன் மடியிலயா?" என்றது கூட்டம்.

"அக்கா, நான் இருக்கேன்ல?"

அவள் திரும்பவில்லை. "குத்துங்க ஆசாரி."

குழந்தை வீறிட்டது. மரியசெல்வம் பயந்துபோய் அதை இறுக்கிக்கொண்டான். தட்டை மறுபடியும் கையில் எடுத்த நாகராசு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். யாரோ அவனைச் சாப்பிட அழைத்தார்கள். காத்தாயி அதைத் தடுக்கவில்லை.