பிடரியில் விழுந்த அஸர் வெயில்

எனக்குத் திசை தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால், போன வருடம் ஆகஸ்ட் மாதம் வரைக்கும் நான் சண்டைக்குப் போயிருப்பேன். கற்பிட்டியில் பிறந்தவனுக்குத் திசை என்ன பெரிய விஷயம்? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே போதும். காற்று தென்மேற்கே கடலிலிருந்து வரும். அது இடது கன்னத்தில் படும்படி நின்றால், தொழும்போது முகம் வைக்கும் மக்காத் திசை, எங்களுக்கு மேற்கே உள்ள கிப்லா, நேராக இருக்கும். வாப்பா எனக்கு அப்படித்தான் காட்டித் தந்தார். அவர் கடலுக்குப் போனவர். நான் கடலுக்குப் போகிறவர்களின் எஞ்சின்களைக் கரையில் இருந்து கழற்றிப் பூட்டுகிறவன். இந்த வித்தியாசத்தை ஊரில் யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. நானும் வசதியாக மறந்துபோயிருந்தேன்.

வாப்பா மௌத்தான பிறகு வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை. தங்கச்சியைக் கட்டிக்கொடுக்காமல் எனக்குப் பெண் பார்ப்பதில்லை என்று உம்மா சொல்லியிருந்தார். அவளுடைய கலியாணம் அந்த வருடம்தான் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவந்தார். மச்சான் மதுரங்குளியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். அவருடைய வாப்பாவும் உம்மாவும் போர்க்காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். அவர் பிறந்ததே முகாமில். குரலை உயர்த்தாமல் கதைப்பார். சாப்பிட்ட பாத்திரத்தைத் தானே கழுவுவார். உம்மா அவரை மெச்சும்போதெல்லாம் எனக்கு எங்கோ சுருக்கென்று இருக்கும். நாளைக்கு எனக்குக் கலியாணமானால் நான் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவேன். இவர் இந்த வீட்டில் இருப்பார். அதுதான் காரணம். அப்போது கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நக்கிள்ஸ் பக்கம் மலையேறப் போவோம் என்று என்னோடு படித்த இருவர் சொன்னார்கள். ஒருவன் வெங்காயத் தோட்டம் செய்பவன், மற்றவன் வேன் ஓட்டுபவன். மச்சானையும் கூட்டிப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். புது மாப்பிள்ளை கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்பது என் கணக்கு.

புறப்படும்போது உம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "மகன், மாப்பிள்ளையப் பத்திரமாக் கூட்டி வாங்க. அவருக்கு மலை, கடல் ஒண்டும் பழக்கமில்ல," என்றார்.

"நான் இரிக்கிறன் தானே உம்மா," என்றேன். எனக்கும் மலை பழக்கமில்லை என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மலையடியில் ஒரு வீட்டில் தங்க இடம் பேசியிருந்தோம். வீட்டுக்காரர் மேலே பனிமூட்டம் அதிகம் என்று சொல்லி, வழி தெரிந்த ஒருவரை அனுப்பட்டுமா என்று கேட்டார். எனக்கு அது அவமானமாகப் பட்டது. "கடல்ல வழி கண்டுபிடிக்கிற ஆக்கள் நாங்க," என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு தேங்காய் துருவப் போய்விட்டார்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. தேயிலை முடிந்து காடு, காடு முடிந்து புல்வெளி, அதற்கு மேலே மொட்டைப் பாறை. அட்டை கடித்த காலோடு வெங்காயக்காரன் குதித்த குதிக்கு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். மூச்சு வாங்கியது நான்தான். மச்சான் எல்லோருடைய தண்ணீரையும் தன் பையில் போட்டுக்கொண்டு பின்னால் அமைதியாக வந்தார். நான் நின்றபோதெல்லாம் தனக்குக் களைப்பு என்று சொல்லி அவரும் நின்றார். உச்சியில் எங்களுக்குக் கிடைத்தது வெள்ளை மூட்டம் மட்டும்தான். எந்தப் பக்கம் எந்த ஊர் என்று தெரியாமலே படம் எடுத்துக்கொண்டோம்.

பிழை இறங்கும்போது நடந்தது. உச்சிக்குக் கீழே மலைமுகடு இரண்டாகப் பிரிந்தது. வரும்போது அதை யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் ஏறியது மேற்குப் பக்கத்தால், ஆகவே மேற்கே இறங்க வேண்டும். நான் முகத்தை உயர்த்தி நின்றேன். காற்று ஒரு பக்கத்திலிருந்து பலமாக அடித்தது.

"இந்தப் பக்கம்," என்றேன்.

மச்சான் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மச்சான், இதில திசை வேற மாதிரிக் காட்டுது. நாங்க கிழக்கால இறங்கப் போறம் போல."

"போனைப் பாத்துத் திசை சொல்றவன் கரையில இரிக்கிறவன். காத்தைப் பாருங்க. கச்சான் முகத்தில அடிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

கரையில் இருக்கிறவன் நான். அது அவருக்கும் தெரியும். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊரில் காற்றுக்குக் குறுக்கே நிற்க ஒன்றுமில்லை. கடலில் கிளம்பினால் நேரே வந்து முகத்தில் மோதும். மலையில் அது பாறையைச் சுற்றும், பள்ளத்தில் புகுந்து திரும்பும், வந்த பக்கத்துக்கே போகும். இதெல்லாம் இப்போது எழுத எனக்கு நன்றாக வருகிறது. அன்றைக்கு அந்தக் காற்றை நம்பி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வெகுதூரம் இறங்கினேன். புல் உயர்ந்துகொண்டே போனது. வரும்போது பார்த்த ஒன்றும் திரும்ப வரவில்லை. பாடிக்கொண்டு வந்த வேன்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். நான் மட்டும் கதைத்துக்கொண்டே போனேன்.

பின்னேரத் தொழுகையான அஸருக்கு நேரமானது. ஒரு பாறையடியில் கொஞ்சம் சமமான இடம் இருந்தது. போத்தல் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு எடுத்தோம். கிப்லா எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இடது கன்னத்தில் காற்றை வாங்கி, ஒரு பக்கம் திரும்பி, இமாமாக முன்னால் நின்றேன். பயணத்தில் நான்குக்குப் பதில் இரண்டு ரக்அத் போதும்.

இரண்டாவது ரக்அத்தில் மூட்டம் விலகியது. முதலில் பிடரியில் சூடு தெரிந்தது. பிறகு புல்லின் மேல் என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு விழுந்தது. பக்கத்தில் மற்ற மூவரின் நிழல்கள். அஸர் வெயில் மேற்கிலிருந்து வரும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாதவனும் அறிவான். மேற்கை முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நான் தொழுவித்துக்கொண்டிருந்தேன்.

நிற்கும் பக்கம் பிழை என்று தொழுகைக்குள்ளேயே தெரிந்தால் அப்படியே திரும்பிவிட வேண்டும். சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் படித்ததுதான். நான் திரும்பவில்லை. திரும்பினால் மூன்று பேரின் முகத்தையும் பார்க்க வேண்டும். அல்லாஹ்வுக்கு முன்னால் நிற்கிறேன் என்று தெரிந்துகொண்டே, மச்சானின் முகத்துக்குப் பயந்து கிழக்கே குனிந்தேன். என் நிழலின் மேலேயே நெற்றியை வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு வெங்காயக்காரன்தான் முதலில் வாய் திறந்தான். "டேய், நாங்க இவ்வளவு நேரமும் எந்த ஊரைப் பாத்துத் தொழுதம்?"

வேன்காரன் சிரித்தான். மச்சான் சிரிக்கவில்லை. "திரும்பத் தொழுவம்," என்றார். நான் பின்வரிசைக்குப் போகக் கால் எடுத்தேன். அவர் என் முழங்கையைத் தொட்டார். "நீங்களே முன்னுக்கு நில்லுங்க மச்சான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெயிலைப் பார்த்து நின்று, ஓத வந்த சூராவை மறந்து, மிகச் சின்ன ஒன்றை ஓதி முடித்தேன்.

வந்த வழியே திரும்பி ஏற வேண்டியிருந்தது. ஈரப் பாறையில் வழுக்கி மச்சானின் கணுக்கால் புரண்டது. அதன் பிறகு ஒருவர் மாறி ஒருவர் அவருக்குத் தோள் கொடுத்தோம். அவருடைய பாரம் என் தோளில் இருக்கும்போதெல்லாம், "உங்களுக்குக் கஷ்டம்," என்றார். பொழுது படும் நேரத்தில் வீட்டுக்காரர் டோர்ச் லைட்டோடு எங்களைத் தேடி எதிரே வந்தார். மச்சானின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேன் எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனது. நொண்டிக்கொண்டு வரும் புருஷனைக் கண்டதும் தங்கச்சி ஓடி வந்தாள். உம்மா என்னைப் பார்த்தார். வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்திருந்தேன். நான் தொடங்குவதற்குள் மச்சான் கதைத்துவிட்டார்.

"என்ட பிழை மாமி. போனைப் பாத்து நான்தான் எல்லாரையும் பிழையான வழியால கூட்டிப் போனன். மச்சான் இல்லாட்டித் திரும்பி வந்திரிக்க ஏலா."

உம்மா இருவருக்கும் ஒரே சஹனில் சோறு போட்டு வைத்தார். அந்தப் பெரிய தட்டில் இறைச்சியின் நல்ல துண்டுகளை என் பக்கம் ஒதுக்கினார். "நான் சொன்னன் தானே, அவருக்குப் பழக்கமில்ல எண்டு. நீங்க இரிந்தபடியா எல்லாரும் தப்பினீங்க," என்றார். தங்கச்சி புருஷனைக் கோபமாகப் பார்த்தாள். நான் அந்த இறைச்சியைத் தின்றேன். வாய் நிறையச் சோறு இருந்தது என்பதைத் தவிர, சும்மா இருந்ததற்கு என்னிடம் வேறு காரணம் இல்லை.

கை கழுவும் இடத்தில் மெதுவாகக் கேட்டேன். "ஏன் மச்சான் அப்பிடிச் சொன்னீங்க?"

"நான் இந்த வீட்டுக்குப் புது ஆள். என்னைப் பத்தி அவங்களுக்கு இன்னம் ஒண்டும் தெரியா. போகப் போகத் தெரிஞ்சுக்கொள்வாங்க. உங்களைப் பத்தி எல்லாம் தெரியும் எண்டு நினைச்சிக்கிட்டு இரிக்காங்க. அதை ஏன் கெடுக்க?"

குத்திக்காட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே போனார்.

அந்தக் கிழமை முழுக்க ஊர் அவரைப் பகிடி பண்ணியது. உண்மை தெரிந்த வெங்காயக்காரனையும் வேன்காரனையும் வாய் திறக்க வேண்டாம் என்று மச்சான் கேட்டிருந்தார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "மாப்பிள்ளை, கடைக்குப் போற வழி தெரியுமா, ஆளை அனுப்பவா?" என்று கேட்டார். தங்கச்சிக்கு முகம் சிறுத்துப்போகும். அவர் சிரிப்பார். உம்மா அவரை மெச்சுவதைக் குறைத்துக்கொண்டார். நான் விரும்பியது அதைத்தானே? கிடைத்தபோது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம், பக்கத்து வீட்டு மாமி மறுபடியும் தொடங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை. "மாமி, வழி பிழைச்சது மச்சான் இல்ல, நான்," என்று மதிலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். உம்மாவின் பக்கம் திரும்பி, காற்றை நம்பியதைச் சொன்னேன், போனைப் பார்க்க மறுத்ததைச் சொன்னேன். கிழக்கே பார்த்துத் தொழுவித்ததையும் விடவில்லை.

உம்மா என் கன்னத்தைத் தொட்டார். கண் கலங்கியது.

"வாப்பாட குணம் அப்படியே இரிக்கு," என்றார். "மத்தவன்ட பிழையத் தூக்கித் தன்ட தலையில போட்டுக்கொள்றது. அதுக்காகத் தொழுகையையும் சேத்துப் பொய் சொல்லக் கூடாது மகன், பாவம்."

"உம்மா, பொய் இல்ல. அவரைக் கேளுங்க."

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். "மச்சான் அப்பிடித்தான் மாமி. என்னை விட்டுக்கொடுக்க மாட்டார்."

தங்கச்சி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜஸாகல்லாஹ் நானா," என்று தன் அண்ணனான எனக்கு நன்றி சொன்னாள். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. மச்சானால் பள்ளிவாசல் வரை நடக்க ஏலாது என்பதால் வீட்டிலேயே எல்லோரும் சேர்ந்து ஜமாஅத்தாகத் தொழ உம்மா பாய்களை விரித்தார். முன்பாயைக் காட்டி, "நீங்க நில்லுங்க மகன்," என்றார். நான் மச்சானின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. நொண்டிப் போய் முன்பாயில் நின்றார். யன்னலால் கச்சான் வந்து என் இடது கன்னத்தில் பட்டது. அவருக்கு வலப்பக்கம், ஒரு சாண் பின்னால் நின்று தக்பீர் கட்டித் தொழுகைக்குள் போனேன்.

பின்வரிசையில் இன்னும் தக்பீர் கட்டாத உம்மா, தங்கச்சியிடம் கிசுகிசுப்பது கேட்டது. "பாத்தீங்களா மகள், முன்னுக்கு நிக்கிற எடத்தையும் விட்டுக் கொடுத்திட்டார்."

தொழுகைக்குள் நின்ற என்னால் திரும்பி மறுக்க முடியவில்லை.