குன்னத்துகாலில் நின்றுபோன நடை

ஞானதாஸ் அண்ணன் இறந்த செய்தி அவருடைய ஜீப்பிலேயே வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஜீப்பின் மேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் அவருடைய தம்பி, முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் அடக்க நேரத்தைச் சொல்லிக்கொண்டு போனார். நெஞ்சுவலியாம். பாறசாலையில் கோயில் உற்சவமானாலும் சர்ச் பெருநாளானாலும் கட்சிக் கூட்டமானாலும் அண்ணனின் மைக் செட்டுதான். யார் செத்தாலும் அதை ஊருக்குச் சொல்கிற குரலும் அவருடையதுதான். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. இனி இன்னொரு சாவு வீட்டில் போய் நிற்க வேண்டும். அவரை அறிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள். இதைவிட மோசமாகப் பேசுகிறவர் அவர்.

அவருடைய மனைவி செலின் எங்கள் பள்ளியில் தையல் டீச்சர். நான் அதே பள்ளியில் தமிழ் டீச்சர். மதியம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம். வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசியிருக்கிறோம். மார்பில் கட்டி இருப்பதை மட்டும் அவள் என்னிடம் சொல்லவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. அவளை அடக்கம் செய்த பிறகு அண்ணன் என்னிடம் சொன்னார்: "ஊரெல்லாம் கேக்கச் சத்தம் போடுகதாக்கும் எனக்க தொழிலு. எனக்க வீட்டில ஒரு காரியம் சத்தமே இல்லாம நடந்துபோச்சு பாத்தியளா டீச்சரே."

அடுத்த ஆண்டு அவளுடைய நினைவு நாளில் அவர் நடையைத் தொடங்கினார். குன்னத்துகாலிலிருந்து பாறசாலை வரை. முன்னால் மாலை போட்ட செலின் படம், அதன் பின்னால் மெதுவாக ஜீப், அதற்கும் பின்னால் நாங்கள். வழியில் கிடைக்கிற காசு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற நோயாளிகளின் பஸ் செலவுக்கு. ஆனால் அவருக்குக் காசு இரண்டாம் பட்சம். ஒரு பெண்ணாவது செலினைப்போல மறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மைக்கில், "மாரில முழ கண்டா மறைக்கப்பிடாது மக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்பார். முழ என்றால் எங்கள் பக்கத்தில் கட்டி. பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவார்கள். சர்ச் கமிட்டிக்காரர் ஒருவர், மார் என்ற சொல்லை விட்டுவிட்டுப் பேசக்கூடாதா என்று கேட்டார். "பின்ன முழ எங்க வந்துன்னு சொல்லட்டு? முட்டியிலயா?" என்று கேட்டுவிட்டார் அண்ணன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நடை பிடிக்காது. மாசி வெயில், தார் ரோடு, சாத்திய கதவுகள். செலினுக்காகத்தான் போனேன். மூன்றாவது ஆண்டு நடந்ததுதான் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. குன்னத்துகாலில் புறப்பட்டு ஒரு வளைவு திரும்பினோம். ஒரு வீட்டு முற்றத்தில் நிலவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நெல் அளக்கிற மரப் பறை, அது நிறைய நெல், அதன்மேல் தென்னம்பூக்குலை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் உற்சவக் காலத்தில் தேவி வீடு வீடாக வரும்போது அப்படித்தான் நிறைபறை வைப்பார்கள். அந்த வாரம் கோயிலுக்கும் அதே ஜீப், அதே குழாய், அதே குரல். தூரத்தில் சத்தம் கேட்டதும், அந்தியில் வரவேண்டிய தேவி காலையிலேயே வந்துவிட்டாள் என்று வீட்டுக்காரி சரோஜினியம்மா விளக்கைக் கொளுத்திவிட்டார். கைகூப்பி நிமிர்ந்தால் எதிரே செலின் படம்.

அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் போனார். "அம்மா, இது தேவியில்ல. எனக்க பெண்டாட்டியாக்கும். மாரில தீனம் வந்து மரிச்சவ."

சரோஜினியம்மாவின் கூப்பிய கை அப்படியே நின்றது. வீட்டில் வேறு யாருமில்லை, எல்லோரும் கோயிலில். அவர் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "இந்தப் பறை அதுக்கு நேர்ந்ததாக்கும். எனக்கும் உண்டு. மாறணும்னு தேவிக்கு நேர்ந்தேன்."

அண்ணன் ஜீப்பைக் காட்டி, "இப்பமே ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றார்.

"உற்சவம் கழியட்டும்."

"செலினும் பெருநாள் கழியட்டும்னாக்கும் இருந்தா," என்றார் அண்ணன். கடைசி நாட்களில் அவரிடம் சொன்னாளாம்; அன்றுதான் நானும் அதைக் கேட்டேன்.

சரோஜினியம்மா குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். அண்ணன் செலின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பாறசாலையில் மேடை போட்டுப் பஞ்சாயத்து மெம்பர் காத்திருந்தார். நடையில் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பஸ் பிடித்துப் போனார்கள். கடைசியில் நாங்கள் கொஞ்சப் பேர்தான். "வெயில் ஏறுது அண்ணா, போவோம்" என்றேன்.

"இந்த நடை பாறசாலைக்கு இல்ல டீச்சரே, ஆஸ்பத்திரிக்காக்கும். நீங்க வேணும்னா போங்க."

என்னால் போக முடியவில்லை. அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சரோஜினியம்மா உள்ளே போனார், வந்தார், விளக்குக்கு எண்ணெய் விட்டார், மறுபடி உள்ளே போனார். உச்சி வெயிலில் வாசலுக்கு வந்து, "வச்ச பறைய மாற்றப்பிடாது. தேவி வரும்போ இங்க ஆளு வேணுமே, நான் எப்படி வாறது?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். வேறு வழி? நான் விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரோஜினியம்மா சேலை மாற்றி வந்து ஜீப்பில் ஏறினார். துணைக்கு நடையில் வந்த இரண்டு பெண்கள் ஏறினார்கள். அந்தியில் தேவி வந்தபோது, முன்பின் தெரியாத வீட்டின் நெல்லை நான்தான் அளந்து கொடுத்தேன்.

அண்ணனின் அடக்கத்துக்குச் சரோஜினியம்மா வந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து வருடங்களாகிவிட்டன. ஆள் மெலிந்துவிட்டார், ஆனால் பஸ் ஏறித் தனியாக வருகிற தெம்பு இருக்கிறது. குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். "அந்த மனுஷன் அன்னைக்கு எழும்பிப் போயிருந்தா, நானும் கதவச் சாத்தியிருப்பேன் டீச்சரே," என்றார்.

இனி நடை உண்டா என்று சிலர் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. வேறு யாராவது முன்னால் போனால் நல்லது. என் கால் இனி அதற்கு ஆகாது. ஆனால் ஒருத்தியிடம் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை அவள் முற்றத்தில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகும். அண்ணனிடமிருந்து அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.